கல்லறைக்குப் பத்துப் பேர்

இந்த நோட்டீசை நீங்களே வெச்சுக்கிடுங்க அண்ணாச்சி. கோவிச்சுக்காதீங்க. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து, ‘இன்றே உனக்கு மன்னிப்பு’. அந்தத் தலைப்புக்காகத்தான் திருப்பித் தரேன். வேற எதுவா இருந்தாலும் வாங்கிப் படிச்சிருப்பேன். மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வர்ற பொடி எழுத்துத் தாளைக்கூட விடாமப் படிக்கிறவன் நான்.

உக்காருங்க, பரவாயில்லை. பெட்டியில பாதி சீட்டு காலி. கொல்லத்துல ஏறினீங்க, நாகர்கோவில்ல இறங்கணும்னு டிடிஆர்கிட்ட சொன்னீங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நான் அதுக்கும் அப்பால, தூத்துக்குடி. நேரம் கிடக்கு. உங்களுக்கு ஒரு ஆத்துமா வேணும், எனக்கு ஒரு காது வேணும்.

பேர் சத்தியநேசன். வயசு ஐம்பத்தொண்ணு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு ஐஸ் பிளாண்ட்ல ராத்திரி ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமா ராத்திரிதான். அமோனியா கம்ப்ரசர் ஓடும். மணிக்கொரு தடவை கேஜைப் பார்த்து எழுதணும். எழுதினதுக்கும் அடுத்து எழுதறதுக்கும் நடுவுல ஐம்பது நிமிஷம் கிடைக்குமில்ல, நான் படிச்சதெல்லாம் அதுலதான். பள்ளிக்கூடம் எட்டாவது வரைக்கும். மிச்சம் பூரா அந்த ஐம்பது நிமிஷம்.

கொச்சிக்கு எதுக்குப் போனீங்கன்னு கேட்டீங்க. யூதனா மாறலாம்னு போனேன்.

பாருங்க, முகம் மாறிடுச்சு உங்களுக்கு. அந்த முகத்துக்காகத்தான் அண்ணாச்சி போனேன். அதே முகத்தை எங்க பாஸ்டர் ஜெயசிங்கிட்டயும் சபை முன்வரிசை மூப்பர்கள்கிட்டயும் பார்க்கணும். முக்கியமா எபனேசர்கிட்ட பார்க்கணும்.

எபனேசர் எங்க பிளாண்ட்ல பகல் ஷிப்டு ஆபரேட்டர். எங்க சபைக்காரன். என் கல்யாணத்துல எனக்கு மாப்பிள்ளைத் தோழனா நின்னவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம், மிஷின்ல எண்ணெய் வடிச்சிட்டு, அந்த வால்வைச் சரியா மூடாம, வாயில போடுற மூடியையும் போடாம, வீட்டுக்குப் போயிட்டான். கல்யாண வீட்டுக்குப் போற அவசரம். அப்புறம் வால்வு விட்டுடுச்சு. அமோனியா. உள்ள இருந்தது என் தம்பி ரூபன். அதே பிளாண்ட்ல ஃபிட்டர். இருபத்தொன்பது வயசு. முகமூடி ஆபீஸ் பீரோவுல பூட்டிக் கிடந்தது.

அன்னைக்கு நான் அங்க இல்லை. அது வேற விஷயம்.

விசாரணை வந்தது. எபனேசர் என்ன சொன்னான் தெரியுமா? “நான் வால்வை இறுக்கி மூடிட்டுத்தான் போனேன். ஷிப்டு மாத்தும்போதே ரூபன் மேல வாடை அடிச்சது. போதையில அவன்தான் திறந்திருப்பான்.” அப்படியே எழுதிட்டாங்க. அமோனியா குடிச்ச உடம்புல எவன் போய்ச் சாராய வாடை பார்க்கப் போறான்?

ரூபன் அதை வாயில வெச்சதே இல்லை அண்ணாச்சி. எங்க சபையில இராப்போஜனத்துக்குக் குடுக்கிற திராட்சை ரசம் சர்க்கரைத் தண்ணி மாதிரி இருக்கும். அதுக்கே முகத்தைச் சுளிப்பான்.

அடக்கத்தன்னைக்குப் பாஸ்டர், பெட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, மதுபானத்தோட தீமையைப் பத்திப் பிரசங்கம் பண்ணினார். வாலிபர்களுக்கு எச்சரிப்பாம். முக்கால் மணி நேரம். எங்க அம்மா முன்வரிசையில உக்காந்திருந்தா. அதுக்கப்புறம் அவ கோயிலுக்குப் போனா கடைசி பெஞ்சு. பாட்டுக்கு எந்திரிக்க மாட்டா. ஏழு மாசம் அப்படி இருந்தா. பிறகு அவளையும் ரூபன் பக்கத்துலயே வெச்சோம்.

இதுவரைக்கும் எனக்குப் பழி எண்ணம் இல்லை. நம்புங்க. வால்வு எபனேசர் விட்டதோன்னு சந்தேகம்தான், நிச்சயம் கிடையாது. ஒன்பது வருஷம் அவனும் நானும் காலையிலயும் சாயங்காலமும் சாவி மாத்திக்கிட்டோம். “என்னல, எப்படி இருக்க?” “இருக்கேம்ல.” அவ்வளவுதான்.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க கன்வென்ஷன். பள்ளிக்கூட மைதானம், பந்தல், ரெண்டாயிரம் நாற்காலி. சாட்சி சொல்ற நேரம். எபனேசர் மேடையேறினான். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். “ஒரு சகோதரன் சாகிறதுக்கு நான் காரணமா இருந்தேன். அந்தப் பழியை அவன் மேலயே போட்டேன். வருஷக்கணக்கா அது என்னை அரிச்சது. போன மாசம் ஆண்டவர் என்னை மன்னிச்சிட்டார். என் பாரம் இறங்கிப்போச்சு!”

கைதட்டல். அல்லேலூயா. பாஸ்டர் அவனைக் கட்டிப்பிடிச்சார். பின்னால கீபோர்டு வாசிச்சாங்க.

நான் நாலாவது வரிசை, ஓர நாற்காலி. யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். பேர் சொல்லலை பாருங்க. ரூபன்னு மூணு எழுத்து, அதைச் சொல்லலை. அவன் குடிக்கலைன்னு சொல்லலை. அவன் பாரம் இறங்கிடுச்சாம். எங்க இறங்கிச்சு? எங்கேயாவது இறங்கணுமில்ல? என் மடியில இறங்கிச்சு.

மறுநாள் சாவி மாத்தும்போது என்கிட்ட வந்தான். “சத்தியா, ஆண்டவர் எல்லாத்தையும் சரியாக்கிட்டார்ல. நீயும் மனசுல வெச்சுக்கிடாத.”

“என்னைக் கேட்டியால நீ?” அப்படின்னேன்.

“ஆண்டவரே மன்னிச்சிட்டார். அதுக்கு மேல நீ யார்ல?”

நீ யார்ல. அந்த ரெண்டு வார்த்தை அண்ணாச்சி. அன்னைக்குப் போய் இருநூறு பக்க நோட்டு ஒண்ணு வாங்கினேன். இந்தா, இந்தப் பையில இருக்கு பாருங்க, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. முதல் பக்கத்துல ஒரே ஒரு கேள்வி எழுதினேன். ‘ஒருத்தன் எனக்குச் செஞ்சதை, என்னைக் கேட்காம வேற யாராவது மன்னிக்கலாமா?’ ஒவ்வொரு மதமாப் போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. யார் ‘கூடாது’ன்னு சொல்றாங்களோ அங்க போய்ச் சேர்ந்திடறது. சொர்க்கம், நரகம், எத்தனை தேவர், எந்தத் திசையைப் பார்த்துக் கும்பிடணும், எதுவும் எனக்கு வேண்டாம். ஒரே கேள்வி.

முதல்ல எங்க தெருக்கோடி சுடலைமாடன் கோயில் கோமரத்தாடி. இசக்கிமுத்துன்னு பேர். சாமியாடுறவர். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷமாயிட்டார். “நாப்பத்தோரு நாளு. அதுக்குள்ள கை போவும், இல்லாட்டி காலு போவும். எது வேணும்?” எனக்கும் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் அதே நினைப்பா இருந்தேன். பிறகு கேட்டேன், “கை போறதுக்கு முன்னால உண்மையைச் சொல்வானா?” அவர் யோசிச்சார். “சாமி தண்டிக்கும். பேச வைக்கிறது சாமி வேலை இல்ல.” நோட்டுல எழுதிக்கிட்டேன்.

அடுத்தது தருமலிங்கம் சார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், புத்த மார்க்கத்துக்குப் போனவர். அமைதியான மனுஷன். சாயா வாங்கிக் குடுத்து, ‘நான்’ங்கறதே ஒரு தோற்றம்தான் சத்தியநேசன்னார். “அப்ப ஏமாந்தது யார் சார்?” அப்படின்னேன். சிரிச்சார். நல்ல சிரிப்பு. ஆனா ஏமாந்தவன் ஒருத்தன் இருக்கணும் அண்ணாச்சி. அவனும் இல்லைன்னு ஆயிட்டா எனக்கு என்ன மிச்சம்?

மீராசா பாய் எங்க பிளாண்ட்டுக்கு ஐஸ் எடுக்க வர்ற மீன் வியாபாரி. அவர்தான் கிட்டத்துல வந்தார். “அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்பை அல்லாஹ் மன்னிப்பான். மனுஷனுக்குச் செஞ்சதை அந்த மனுஷன் பொறுத்துக்கிட்டாத்தான்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பவே தொப்பி வாங்கியிருப்பேன். ஆனா அவர் அத்தோட நிறுத்தியிருக்கணும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “பொறுத்துக்கிட்டா உங்களுக்கு ரொம்பப் பெரிய நன்மை இருக்கு”ன்னார். கண்ணெல்லாம் அன்பு. எனக்கு அந்த அன்பு ஆகலை. கையை உருவிக்கிட்டேன்.

அப்பத்தான் பழைய பேப்பர் கட்டுல ஒரு சின்னப் புத்தகம் கிடைச்சது. அட்டை கிடையாது. யூத மார்க்கத்தைப் பத்தி. மூணு ராத்திரி படிச்சேன். வருஷத்துக்கு ஒரு நாள் முழுப் பட்டினி கிடந்து கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்பாங்களாம். ஆனா அந்த நாள், கடவுளுக்கு விரோதமாச் செஞ்சதுக்கு மட்டும்தான். மனுஷனுக்கு மனுஷன் செஞ்சதை, அந்த மனுஷன் விடுற வரைக்கும் கடவுள் தொட மாட்டார். ஒருத்தன் பாவத்தை இன்னொருத்தர் சுமந்துக்கிட்டுப் போக முடியாது. யாரும் யாருக்காகவும் சாக முடியாது. அவனவன் செஞ்சதுக்கு அவனவன் காலால நடந்து போய் நிக்கணும்.

படிச்சிட்டு மிஷின் ரூமுக்குள்ள எந்திரிச்சு நின்னுட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன். நான் சுடலைக்கோ அல்லாவுக்கோ போனா பாஸ்டர் என்ன சொல்வார்? ‘வழி தவறின ஆடு.’ முடிஞ்சது. யூதனாப் போனா என்ன சொல்வார்? அவர் கும்பிடுற ஆண்டவர் பிறந்து வளர்ந்த வீடில்லையா அது? அவர் கையில வெச்சிருக்கிற வேதத்துல பாதிக்கு மேல அவங்களோடது. அந்த வீட்டு மாடியில ஏறி நின்னு, கீழ இவங்களைப் பார்க்கணும். ‘வாங்க பாஸ்டர், எங்க வீட்டுப் பிள்ளையைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கீங்களா?’ன்னு கேட்கணும். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ராத்திரி கம்ப்ரசர் சத்தத்துக்குள்ள சொல்லிப் பார்த்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது.

விசாரிச்சுப் பிடிச்சு கொச்சிக்குப் போனேன். மார்க்கெட் சந்துல ஒரு குடை ரிப்பேர் கடை. மெனாஹேம்னு பெரியவர், எண்பதுக்கு மேல. தமிழ் நல்லாப் பேசுவார், மலையாளம் கலந்து வரும். நான் சொன்னதைப் பாதி கேட்கிறதுக்குள்ள தலையை ஆட்டினார். “வேண்டா. உங்களுக்கு ஏழு மதி, ஏழு போதும். நோவாவுக்குக் குடுத்த ஏழு கட்டளை. கொல்லாதே, திருடாதே, அப்படி ஏழு. அதை வெச்சு ஜீவிச்சா நீங்களும் நல்ல மனுஷன்தான். எங்களுக்கு அறுநூத்திப் பதிமூணு உண்டு. நீங்க எந்தினா வீணா சுமக்கறது? போய் வாங்க.”

இப்படி மூடுற கதவை நான் வேற இடத்திலயும் பார்த்திருக்கேன் அண்ணாச்சி. ஜாதியைக் கேட்டு மூடுவாங்க. இவர் அதுகூடக் கேட்கலை. எனக்கு மண்டையில ஏறிடுச்சு. படியிறங்கும்போது அவர் வீட்டம்மா, சிம்ஹாம்மா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்தாங்க. “விஷமிக்க வேண்டா, மனசு நோக வேண்டா. மூணு தடவை போன்னு சொல்றது எங்க வழக்கம். அதுக்கப்புறமும் வர்ற ஆளைத்தான் உக்கார வெச்சுப் பேசுவோம்.” பிறகு குரலை இறக்கி ஒண்ணு சொன்னாங்க. பத்து ஆம்பளை சேர்ந்தாத்தான் அவங்க கோயில்ல ஜெபத்தை முழுசா ஓத முடியுமாம். ஜனமெல்லாம் இஸ்ரேலுக்குப் போயாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலமானா இவர் வாசல்ல நின்னு, ஊர் பார்க்க வந்த வெளிநாட்டு யூதர் யாராவது அகப்படுவாங்களான்னு பார்ப்பாராம். “ஏழு வரும், எட்டு வரும். ஒம்பதுல போய் நிக்கும்.”

ஒருத்தர் குறையுதுன்னு வாசல்ல நிக்கிற மனுஷன், தானா வந்தவனைப் போன்னு சொல்றார். இதை என்னன்னு சொல்றது?

ரெண்டாவது தடவை போனேன். ரூபன் விஷயத்தைப் பூராவும் சொன்னேன். தேவையானது பூராவும். அவர் ஒரு குடைக் கம்பியை நிமிர்த்திக்கிட்டே கேட்டார். “செத்தவனுக்குச் செய்ததை உயிரோட இருக்கிற யாரும் மன்னிக்க ஒக்காது. உன்னாலயும் ஒக்காது.”

“அப்ப வழியே இல்லையா?”

“உண்டு. அந்தக் கல்லறைக்குப் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு, வெறுங்காலோட போகணும். செத்தவன் பேரைச் சொல்லணும். இன்னது செய்தேன்னு அவங்க காது கேட்க வாய் திறந்து சொல்லணும். செய்தவன்தான் சொல்லணும். சரி, நீ போ.”

ரெண்டாவது ‘போ’. எனக்கு அது காதுலயே விழலை. பத்துப் பேர்! வெறுங்கால்! பேரைச் சொல்லி! கொச்சியிலேருந்து தூத்துக்குடி வர்ற வரைக்கும் நான் சீட்டுல ஒழுங்கா உக்காரலை.

வந்ததும் ஒரு தாள்ல நிபந்தனை எழுதினேன். பெரியவர் சொன்னது மூணு. நான் மூணு சேர்த்தேன். சித்திரை மாசம் இருக்கணும். மதியம் பன்னிரண்டு மணியா இருக்கணும். பத்துப் பேரும் அன்னைக்கு மேடைக்கு முன்னால கைதட்டினவங்களா இருக்கணும். தட்டின கையைக் கட்டிக்கிட்டு வெயில்ல நிக்கட்டும். எபனேசர்கிட்ட குடுத்தேன். கிழிச்சுப் போடுவான், அதைச் சாக்கா வெச்சு ஊர் பூராச் சொல்லலாம்னு கணக்குப் போட்டிருந்தேன். அவன் ரெண்டு தடவை படிச்சான். “சரில”ன்னான். மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான்.

மூணு வாரம் வீடு வீடா ஏறி இறங்கினான். எனக்குத் தீபாவளி மாதிரி இருந்தது. எந்த வீட்டுல என்ன சொன்னாங்கன்னு தினம் விசாரிப்பேன். கைதட்டினவங்க ஒருத்தரும் லேசுல அசையலை. ‘இது யூத முறை, நம்ம உபதேசத்துக்கு விரோதம்’ன்னார் ஒரு மூப்பர். ‘வெயில்ல எனக்குத் தலை சுத்தும்’ன்னார் இன்னொருத்தர். பாஸ்டர், ‘கிருபைக்கு மேல நிபந்தனை கிடையாது, நீ போகாதே’ன்னுட்டார். கட்டிப்பிடிச்ச கைதான். கடைசியில அவனுக்குக் கிடைச்சது ஒன்பது பேர். கீபோர்டு வாசிக்கிற பையனோட அப்பா, ஒரே ஒரு மூப்பர், மிச்சம் ஏழு பேரும் எங்க பிளாண்ட்ல ஐஸ் ஏத்துற ஆளுங்க. அவங்க மேடைப் பக்கமே வந்ததில்லை. போகுதுன்னு விட்டேன். ஆனா எண்ணிக்கையை விடலை.

சித்திரை ரெண்டாவது ஞாயிறு. கல்லறைத் தோட்டத்து வாசல்லயே செருப்பைக் கழற்றினான். மணல், அண்ணாச்சி. தூத்துக்குடி சித்திரை மணல். முதல் பத்தடி துள்ளித் துள்ளி வந்தான். நான் வேப்பமரத்தடியில நின்னு பார்த்தேன். ஒவ்வொரு துள்ளலையும் பார்த்தேன். எங்க அம்மா கடைசி பெஞ்சுல உக்காந்த ஏழு மாசத்துக்கும் ஞாயிறு ஞாயிறா எண்ணினேன். பிறகு அவன் துள்றதை நிறுத்திட்டான். ரூபன் சிலுவைக்கு முன்னால போய்க் காலை ஊணி நின்னுட்டான்.

“ஒன்பதுதான் இருக்கு. செல்லாது”ன்னு மரத்தடியிலேருந்தே சொன்னேன்.

அவன் பெண்டாட்டி லீலா முக்காட்டோட கூட வந்திருந்தா. “அண்ணே, நான் ஒரு ஆளு இல்லையா?”

“ஆம்பளைதான் கணக்கு.”

“அப்ப நீங்க வாங்க. ஒம்பதும் ஒண்ணும் பத்து. அஞ்சடி தள்ளித்தானே நிக்கீங்க?”

நான் அசையலை. நான் எதுக்கு அவனுக்குப் பத்தாவது ஆளா நிக்கணும்? நீங்களே சொல்லுங்க.

எபனேசர் எண்ணிக்கையைப் பார்க்கலை. பேச ஆரம்பிச்சிட்டான். சத்தமாத்தான் பேசினான், பக்கத்து வீட்டுக் கூரையில நின்ன ஆளுக்கும் கேட்டிருக்கும். “ரூபன், நீ குடிக்கலை. ஒரு நாளும் குடிச்சதில்லை. வால்வை மூடாமப் போனவன் நான். உன்மேல வாடை அடிச்சதுன்னு சொன்னது பொய்.” இதுவரைக்கும் சரி. இதுக்காகத்தான் நான் நாலு மதம் ஏறி இறங்கினேன். இதோட நிறுத்தியிருக்கணும். அவன் நிறுத்தலை. “ஷிப்டு மாத்த நீ வந்து நின்ன. அண்ணன் எங்கலன்னு கேட்டேன். ‘அண்ணனுக்குப் பாளையங்கோட்டையில பட்டிமன்றம், கடவுள் உண்டா இல்லையான்னு. போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். அவனுக்குப் பதிலா நான் உக்காருதேன்’னு சிரிச்ச. வால்வு இன்னும் சரியா மூடலைன்னு உன்கிட்ட சொல்ல வாயெடுத்தேன். வெளிய கல்யாண வண்டி ஹாரன் அடிச்சான். சொல்லாம ஓடிட்டேன். ரூபன், சொல்லாம ஓடிட்டேன்.”

ஒன்பது தலையும் மரத்தடிப் பக்கம் திரும்பிச்சு.

இது நிபந்தனையில இல்லை அண்ணாச்சி. அவன் செஞ்சதைத்தானே சொல்லச் சொன்னேன்? அண்ணன் எங்க போனான், எந்தப் பட்டிமன்றம், இதெல்லாம் எதுக்கு? யார் கேட்டா? கூடுதலாச் சொன்னது செல்லுமா? ஏற்கெனவே ஒரு ஆள் குறைச்சல். ‘செல்லாது, செல்லாது’ன்னு சொல்லிக்கிட்டே வாசலுக்கு வந்துட்டேன். வர்ற வழியில அவன் செருப்பு கிடந்தது. தாண்டி வந்தேன். பட்டிமன்றத்துல எந்தப் பக்கம் ஜெயிச்சதுன்னு கேட்கிறீங்களா? ஞாபகம் இல்லை. பாதியிலயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுட்டாங்க.

இதுக்குத் தீர்ப்புக் கேட்கத்தான் மூணாவது தடவை கொச்சிக்குப் போனேன். நேத்து. வெள்ளிக்கிழமை மதியம். ‘ஒன்பது பேர்தான் இருந்தாங்க, அதனால எபனேசர் பாரம் இறங்கலைதானே?’ன்னு கேட்டேன். பெரியவர் ரொம்ப நேரம் இருமினார். இருமலா சிரிப்பான்னு தெரியலை.

“உன் ஒம்பதும் கணக்கில்லை, பத்தானாலும் கணக்கில்லை. அந்தப் பத்து எங்க ஆளுங்களா வேணும். எங்களுக்கே பத்து கிட்டலை.” பிறகு ஒரு குடையை விரிச்சு, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, ஓட்டை இருக்கான்னு பார்த்துக்கிட்டே கேட்டார். “அவன் பேசும்போது நீ எவிட நின்னே?”

“மரத்தடியில.”

“நிழல்ல?”

“நிழல்ல.”

“கால்ல செருப்பு?”

“இருந்தது. நான் ஏன் கழற்றணும்?”

அவர் குடையை மடக்கினார். மூணாவது தடவை, ‘போ’ன்னு சொல்லணுமில்ல? சொல்லலை. “சாயா குடிச்சிட்டு இரு”ன்னார். நான் ‘போ’வுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அது வராம நாலாவது தடவைன்னு எதைச் சொல்றது?

சாயங்காலம் அவர் கடையைச் சாத்திட்டுக் கோயில் வாசலுக்குப் போனார். நானும் பின்னால போனேன். ஒவ்வொருத்தரா வந்தாங்க. பிரான்சுக்காரன் ஒருத்தன், அப்பாவும் மகனுமா ரெண்டு பேர், உள்ளூர்க் கிழவர்கள். ஒன்பது. தெருமுனையையே பார்த்துக்கிட்டு நிக்கறார். உள்ள எட்டுப் பேரும் வாசலையே பார்க்கிறாங்க. நான் இந்தப் பக்கம் சுவரோரம். அவர் என்னைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கிட்டார். என்னைக் கூப்பிட முடியாது அவருக்கு. கூப்பிடுற தூரத்துலதான் நின்னேன். அஞ்சடி.

பத்தாவது ஆள் வரலை. பிறகு அவர் உள்ள போய்க் கதவைச் சாத்தினார். பத்துப் பேருக்கான ஜெபத்தை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் ஓதுற சத்தம் கேட்டது. ஒன்பது பேர் நிக்கும்போது ஒருத்தன் வராம இருந்தா எப்படி இருக்கும்னு... வேண்டாம். விடுங்க அதை.

ஒண்ணு மட்டும் தெளிவாக் கேட்டுக்கிடுங்க. எபனேசரை நான் மன்னிக்கலை. மன்னிக்கவும் போறதில்லை. அது என் கையிலயும் இல்லை, பெரியவரே சொல்லிட்டார், செத்தவனுக்குச் செஞ்சதை உயிரோட இருக்கிறவன் மன்னிக்க முடியாதுன்னு. உங்க நோட்டீசாலயும் முடியாது. யார் செஞ்சிருந்தாலும் முடியாது. நான் செஞ்சிருந்தாலும் முடியாது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

நேத்து ராத்திரி எனக்கு ஷிப்டு இல்லை. லாட்ஜ்ல தூக்கமும் இல்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். நோட்டோட கடைசிப் பக்கத்துல ஒரு பட்டியல் போட்டேன். இதான், பாருங்க. மீராசா பாய். தருமலிங்கம் சார். கோமரத்தாடி இசக்கிமுத்து, அவர் சாமியாடுற வேஷம் கட்டாம சாதாரணமா வந்தாப் போதும். ஐஸ் ஏத்துற ஆளுங்க நாலு பேர். அன்னைக்கு நின்னு பழகினவங்க. ஏழாச்சா? எட்டாவது லீலா. ஆமா, பொம்பளைதான். இது கொச்சிக் கணக்கு இல்லை, என் கணக்கு. ஒன்பதாவது எபனேசர். அவன் வருவான். காலையில போன் போட்டுக் கேட்டேன். ‘வாரேம்ல’ன்னான், அவ்வளவுதான், எதுக்குன்னுகூடக் கேட்கலை. வரட்டும், இன்னொரு தடவை அந்த வெயில்ல நிக்கட்டும், எனக்கென்ன.

ஒருத்தர் குறையுது.

நாகர்கோவில்லேருந்து தூத்துக்குடிக்கு பஸ் இருக்கு அண்ணாச்சி, மூணு மணி நேரம். வர்ற மாசம் முதல் ஞாயிறு, மதியம் பன்னிரண்டு, ரூபன் கல்லறை. உங்க ஆராதனை முடிச்சிட்டு வர முடியாதுதான், ஒரு வாரம் மட்டும் விடுங்க. ஜெபம் வேண்டாம். பாட்டு வேண்டாம். ஆறுதலா ஒரு வார்த்தைகூடச் சொல்லக் கூடாது. சும்மா நிக்கணும், சொல்றதைக் கேட்கணும். என்ன சொல்லப் போறாங்கன்னா? ஒரு ஆள், எனக்குத் தெரிஞ்ச ஆள், பட்டிமன்றத்துக்குப் போன கதையைச் சொல்லுவான். சின்னக் கதைதான்.

குடை கொண்டு வரலாம். தாராளமா. செருப்பா? வேண்டாம் அண்ணாச்சி, நீங்க கழற்ற வேண்டியதில்லை. நிக்க வர்றவங்க யாரும் கழற்ற வேண்டியதில்லை.